எட்டு மடிப்பு

அட, வெக்கப்படாதீங்க சார், பேண்ட்டை ஸ்க்ரீனுக்கு மேல தூக்கிப் போடுங்க, நான் பிடிச்சுக்கறேன். ஆங், வந்துருச்சு. முப்பது வருசமா தையக்காரன் சார் நான். எங்க கண்ணுக்கு மனுசங்க எல்லாருமே வெறும் அளவுதான். அங்க ஒரு ஸ்டூல் இருக்கு பாருங்க, உக்காருங்க. பார்த்து உக்காருங்க, ஊசி கீசி கெடக்கும், அப்புறம் அதுக்கு வேற நான் மருந்து போடணும்.

யப்பா. சார், இதுக்குப் பேரு கிழிசல் இல்ல சார், வாசல். இடுப்புப் பட்டையில ஆரம்பிச்சு அடி வரைக்கும் ஒரே பொளப்பு. நல்ல வேளை, துணி கிழியல, தையல்தான் விட்டிருக்கு. யாரு தைச்சது இதை? ஞாபகம் இல்லையா? யாரா இருந்தாலும் அவன் புண்ணியவான், உள்ள கொஞ்சம் துணி விட்டு வச்சிருக்கான்.

எவ்வளவு நேரமா? அஞ்சு நிமிச வேலை சார். கவலையே படாதீங்க. நூலு மட்டும் கலர் பார்த்து எடுக்கணும், நீல நிறத்துல பதினோரு தினுசு இருக்கு, பகல் வெளிச்சத்துல ஒண்ணு, ட்யூப் லைட்ல ஒண்ணு. நீங்க ஹெட்மாஸ்டர், உங்க பின்னாடி ஆயிரத்து இருநூறு புள்ளைங்க நிப்பாங்க, நூலு வேற கலரா இருந்தா அவங்களுக்கு வேற பாடமே ஏறாது.

அதுசரி, எப்படி ஆச்சு? நீங்க ஸ்கூட்டரை நிறுத்திட்டு, ஃபைலைப் பின்னாடி வச்சு மறைச்சுக்கிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து வந்தப்பவே நெனச்சேன், ஏதோ ஆயிருக்குன்னு. கேட்லயா? பசங்க முன்னாடியா? அடப் பாவமே. என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? சாக்ஸ் அளந்தீங்களா? ஸ்கேல் வச்சு? குனிஞ்சு?

சரி சரி, சிரிக்கல சார், தொண்டையில நூலு மாட்டிக்கிச்சு.

சாக்ஸ் எவ்வளவு இருக்கணும்னு ரூல்? முட்டிக்குக் கீழ நாலு இஞ்சு. அந்தப் பையனுக்கு எவ்வளவு இருந்துச்சு? அஞ்சா. பாருங்க, ஒரு இஞ்சுக்காக நீங்க குனியப் போயி, இங்க ஒண்ணரை அடி போயிருச்சு. அந்தப் பையன் என்ன ஆனான்? திருப்பி அனுப்பியாச்சா? அந்த நெலமையிலயும்? உங்க கடமை உணர்ச்சிய நான் மெச்சுறேன் சார்.

மணி ஒம்பது அஞ்சு. கல்வி ஆபீசர் வர்றாருன்னீங்களே, எத்தனை மணிக்கு? ஒம்பதரையா? நிறைய நேரம் இருக்கு சார். இங்கருந்து ஸ்கூலுக்கு மூணு நிமிசம். இருங்க, பாபின்ல நூல் தீர்ந்துருச்சு, சுத்திக்கறேன்.

ரொம்ப அவசரம்னா ஒண்ணு பண்ணலாம். இங்க டெலிவரிக்கு ஒரு பேண்ட்டு ரெடியா தொங்குது. துணிக்கடை வாசல்ல கோமாளி வேஷம் போட்டு நிக்கிறாரே ஒருத்தரு, அவரோடது. ஒரு கால் மஞ்சள், ஒரு கால் சிவப்பு, இடுப்புல எலாஸ்டிக், யாருக்கும் பொருந்தும். பாக்கெட்டு கூட இருக்கு, விசில் வைக்கிறதுக்கு. மேல போடவா? வேணாமா?

ஏன் சார்? உடம்பை மறைக்கத்தான துணி? உங்க எம்.ஏ., எம்.எட். எல்லாம் பேண்ட்டுலயா இருக்கு, தலையிலதான இருக்கு? கிண்டல் இல்ல சார், சத்தியமா சந்தேகம்தான் கேட்டேன். சரிதான், நீங்க சொல்றது. உள்ள விட மாட்டாங்க. கேட்ல நிக்கிற பி.டி. மாஸ்டர் உங்களையே நிறுத்தினாலும் நிறுத்துவாரு. ரூல் போட்டது நீங்களா இருந்தாலும் ஸ்கேல் அவர் கையிலதான இருக்கு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே. ஆள் பாதி ஆடை பாதின்னு உங்க ஸ்கூல் சுவத்துல நீங்களே பெருசா எழுதி வச்சிருக்கீங்க. அந்தக் கணக்குப்படி இப்ப ஸ்க்ரீனுக்கு உள்ள பாதி ஹெட்மாஸ்டர்தான் உக்காந்திருக்காரு.

இதோ தைக்கறேன் சார். மெஷின் சத்தம் கேக்குதுல்ல?

ஆபீசர் எதுக்கு வர்றாரு? விருது குடுக்கவா? ஓ, விசாரிக்கவா. அட்டெண்டன்ஸ் கொறைஞ்சதுக்கு. போன வருசம் தொண்ணூத்தி ஆறு, இப்ப எண்பத்தி ரெண்டு. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையால்ல இருக்கு. நீங்க என்ன காரணம் எழுதியிருக்கீங்க? காய்ச்சல் சீசனா?

இல்ல சார், ஒண்ணும் சொல்லல. இந்த ஜன்னல் வழியா எனக்குத் தெரு முழுக்கத் தெரியும், அவ்வளவுதான். காலையில எட்டே முக்காலுக்கு புள்ளைங்க இந்தப் பக்கமா பையைத் தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போவாங்க, நல்லா குதிச்சுக்கிட்டு. ஒம்பது பத்துக்கு அதுல பத்து இருபது பேரு இதே பக்கமா திரும்பி வருவாங்க. நீங்க எழுதின காய்ச்சல் கேட் வரைக்கும் நடந்து போயி, பி.டி. மாஸ்டரைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் சார் வருது.

ஒருத்தனுக்கு பெல்ட்டு ப்ரௌனு, கறுப்பு வேணுமாம். ஷூ பாலிஷை எடுத்துப் பெல்ட்டுல தேய்ச்சுட்டான். மறுநாள் பெல்ட்டு கறுப்பாயிருச்சு, சட்டையும் ஆயிருச்சு. அதுக்கு அன்னிக்குத் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் அந்த ரெட்டைப் பசங்க, தெரியும்ல? வீட்டுல ஒரே டை. திங்கக்கிழமை பெரியவன் போவான், செவ்வாக்கிழமை சின்னவன். மூஞ்சி ஒண்ணுதான், டீச்சர் யாருக்கு ப்ரெசென்ட் போடறாங்கன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்து வீட்டுல இருந்திருக்கானுங்க, அன்னிக்கும் ஒருத்தனுக்கு ப்ரெசென்ட்டு விழுந்துருக்கு.

அட, கோவிச்சுக்காதீங்க. ஒழுக்கம் வேணும்தான், யாரு இல்லன்னா? யூனிஃபார்ம் இல்லன்னா நான் எப்படிப் பொழைக்கறது? எல்லாப் புள்ளைங்களும் ஒரே மாதிரி இருக்கணும், பணக்காரன் ஏழை தெரியக் கூடாது, அருமையான யோசனை. நான் கேக்கறது என்னன்னா, வந்த புள்ளைய வரலன்னு எழுதறீங்களே, அதுக்கு மட்டும் என்ன ரூலுன்னு.

முடியப் போகுது சார், முக்கால்வாசி ஆச்சு. இந்த எடம் டபுள் தையல் போடணும். அவசரப்பட்டுப் போட்டுட்டு, ஆபீசர் முன்னாடி நீங்க வணக்கம்னு குனிஞ்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

ஒரு பொண்ணு கதை சொல்றேன் கேளுங்க. உங்க ஸ்கூல்தான், பத்தாவது. சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதையாவது கேளுங்க. அந்தப் பொண்ணு சைக்கிள்ல வரும். அதோட ஸ்கர்ட்டுல எட்டு மடிப்பு. முன்னாடி நாலு, பின்னாடி நாலு. உங்க ரூல் என்ன? ஆறு. ரூல் நம்பர் பதினாலு, ஸ்கர்ட்டுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு, மொத்தம் ஆறு மடிப்பு, கூடவும் கூடாது கொறையவும் கூடாது. சர்க்குலர் நானும் படிச்சேன் சார். ஸ்கர்ட்டு தைச்சது வருச ஆரம்பத்துல. இந்தப் பதினாலாவது ரூல் வந்தது போன மாசம்.

கரெக்டா கேட்டீங்க. எவன் அந்தத் தையக்காரன், எட்டு வச்சவன்? அவனைத்தான் சார் சொல்லணும். மகா திமிரு பிடிச்சவன். எனக்குத் தெரியும், ஒரே தொழில்தான. ஊரெல்லாம் ஆறு வச்சா இவன் மட்டும் எட்டு வைப்பான். ஆறு மடிப்புல சைக்கிள் ஏறும்போது தொடையைப் பிடிக்கும், எட்டு வச்சா தாராளமா இருக்கும்னு வியாக்கியானம் வேற. எட்டு வச்சா அரை மீட்டர் துணி கூட ஆகும், ஒரு பொழுது வேலை கூட ஆகும். ஆனா அவனுக்கென்ன, தைச்சது அவன் சொந்தப் பொண்ணுக்கு. தெனமும் காலையில அந்தப் பொண்ணை நடு வீட்டுல நிக்க வச்சு, ஒரு சுத்து சுத்தும்மான்னு சொல்வானாம். எட்டும் குடை மாதிரி விரியறதைப் பார்த்துட்டுத்தான் டீயே குடிப்பான். கடைக்கு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் அந்த ஸ்கர்ட்டுப் புராணம்தான். அவன் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கும்.

தெரியும் சார், எப்படியோ தெரியும். தையக்கடையில தெரியாத சேதி உண்டா?

அந்தப் பொண்ணை மொதல் நாள் பி.டி. மாஸ்டர் நிறுத்தினாரு. விரலை வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினாரு. எட்டு வந்துச்சு. இன்னொரு தடவை எண்ணினாரு, அப்பவும் எட்டுதான் வந்துச்சு, கணக்கு அப்படித்தான சார். போ, சரி பண்ணிட்டு வான்னுட்டாரு. மறுநாள் ரெண்டு மடிப்பை ஊக்கு போட்டு மறைச்சுக்கிட்டு வந்துச்சு. ஆறு வரைக்கும் எண்ணினவரு, ஏழாவதைத் தேடி ஊக்குல விரலைக் குத்திக்கிட்டாரு. அதுக்கு வேற ஒரு எழுத்து, ஆயுதம் வச்சிருந்ததா. சிரிக்காதீங்க சார், உங்க கேட் நோட்டுலதான் அப்படி எழுதியிருக்கு.

மூணாவது நாள் இஸ்திரிக்கடைக்காரர் கிட்ட போச்சு. அண்ணே, ரெண்டு மடிப்பை அமுக்கி இல்லாம பண்ணிருங்கன்னு. அவரும் பாவம், தண்ணி தெளிச்சு தெளிச்சு அமுக்கியிருக்காரு. பாப்பா, எட்டை எட்டா வைக்கத்தான் எனக்குத் தெரியும், ஆறாக்கறதுக்கு உங்கப்பாதான் வரணும்னு சொல்லியிருக்காரு. உங்கப்பான்னு சொன்னதுமே அது பையைத் தூக்கிக்கிட்டு நகந்துருச்சாம்.

அப்புறம் என்ன, பி.டி. மாஸ்டர் லீவு போட்ட நாளெல்லாம் அந்தப் பொண்ணு ப்ரெசென்ட்டு, அவர் ப்ரெசென்ட் போட்ட நாள்ல அது ஆப்சென்ட்டு. பதினோரு நாள் சார். அந்தப் பதினோரு நாளும் கேட் வரைக்கும் வந்துச்சு. வராத நாள் ஒண்ணு கெடையாது. திருப்பி அனுப்பினா வீட்டுக்கும் போகாது. இஸ்திரிக்கடைக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு, அதுல உக்காந்து அன்னிக்கு என்ன பாடமோ அதைப் படிக்கும். மணி அடிச்சா பாடத்தை மாத்திக்குமாம். சாயங்காலம் மணிக்கு எந்திரிச்சு, எல்லாப் புள்ளைங்களோடயும் கலந்து வீட்டுக்குப் போயிரும். எப்படிம்மா இருந்துச்சு ஸ்கூலுன்னு அப்பன் கேப்பான், நல்லா இருந்துச்சுப்பான்னு சொல்லும்.

மத்த புள்ளைங்க எல்லாம் இந்த ஜன்னல் பக்கமா திரும்பி வருவாங்கன்னு சொன்னேன்ல? அந்தப் பொண்ணு மட்டும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.

மணியா? ஒம்பது பதினெட்டு. இதோ, நூல் மட்டும் வெட்டணும்.

போன வாரம் அவன் வீட்டுக்குத் தபால் வந்துச்சு. உங்க கையெழுத்துதான். வருகை எழுபத்தி ஒரு சதவீதம், எழுபத்தி அஞ்சு இல்லாததால பரீட்சை எழுத அனுமதி இல்லன்னு. நூத்தி எண்பது நாளுக்கு நூத்தி இருபத்தி எட்டு நாள். ஒண்ணரை மாசத்துக்கு மேல நெசமாவே அம்மை, மஞ்சக்காமாலைன்னு படுத்துக் கெடந்துச்சு, அதை ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பதினோரு நாளை அதோட கூட்டிப் பாருங்க சார். நூத்தி முப்பத்தி ஒம்பது. எழுபத்தி ஏழு வருது. நீங்க கணக்கு வாத்தியாரா இருந்து ஹெட்மாஸ்டர் ஆனவருதான?

ஆதாரமா? உங்க கிட்டதான் இருக்கு. கேட்ல பி.டி. மாஸ்டர் ஒரு நோட்டு வச்சிருக்காரே, திருப்பி அனுப்பினவங்க நோட்டு. தேதி, நேரம், பேரு, வகுப்பு, குத்தம். அதுல பதினோரு தடவை ஒரே பேரு, எட்டு அம்பது மணி, குத்தம் எட்டு மடிப்பு. வகுப்பு ரிஜிஸ்டர் அது வரலங்குது, கேட் நோட்டு அது வந்துச்சுங்குது. ரெண்டுலயும் உங்க ஸ்கூல் சீல்தான் இருக்கு. ஆபீசர் வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாருன்னா நல்லா இருக்காது. நான் சொல்ல மாட்டேன் சார், எனக்கு எதுக்கு ஊர் வம்பு.

அதட்டாதீங்க சார். பேண்ட்டா? அது முடிஞ்சிருச்சே. எப்பவா? நீங்க உள்ள போயி அஞ்சாவது நிமிசம். நான்தான் மொதல்லயே சொன்னேனே, அஞ்சு நிமிச வேலைன்னு. நான் பொய் சொல்ற ஆளு இல்ல சார். மெஷின் சத்தமா? அது வெறும் மெஷினை மிதிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பதினோரு நாளுக்கும் கையெழுத்து போட்டாத்தான் பேண்ட்டுன்னு நான் சொன்னேனா? சொல்லவே இல்லியே. இந்தாங்க, ஸ்க்ரீனுக்கு மேல போடறேன், பிடிச்சுக்குங்க. நான் உங்க பி.டி. மாஸ்டர் இல்ல சார், துணி இல்லாம ஒருத்தரை வெளிய நிறுத்தறதுக்கு. வலது பாக்கெட்டுல ஒரு பேப்பர் இருக்கும், பார்த்துப் போடுங்க, கசங்கிரும். அது நீங்க அனுப்பின நோட்டீஸுதான், கீழ, அந்த நாளை வருகையில சேத்துக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கு. அந்தப் பொண்ணு கையெழுத்து, குண்டு குண்டா அழகா இருக்கும்.

எந்தத் தையக்காரனா? ரிஜிஸ்டர்ல அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல கடை விலாசமும் இருக்கும். விலாசத்தை எதுக்குத் தேடறீங்க, அந்தக் கடை ஸ்டூல்லதான் நீங்க உக்காந்திருக்கீங்க. அந்தத் திமிரு பிடிச்சவன்தான் இவ்வளவு நேரமா உங்க பேண்ட்டை மடியில வச்சுக்கிட்டு இருந்தான்.

தபாலைப் படிச்சதும் எனக்கு அப்படி ஒரு கோவம் சார். உங்க மேலதான். ஸ்கூலுக்கு வந்து சண்டை போடறதுன்னு சட்டையெல்லாம் மாட்டிட்டேன். என் வீட்டுக்காரம்மாதான் மொதல்ல புள்ளையக் கேளுன்னுச்சு. கேட்டேன். ஏம்மா, மொத நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு மடிப்பைப் பிரிக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்னு கேட்டேன். நீ திட்டுவேன்னு இல்லப்பா, உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்னு சொல்லுது. அந்த எட்டு மடிப்பைப் பார்த்துத்தான நீ டீ குடிக்கறன்னு சொல்லுது. பதினோரு நாள் பெஞ்சுல உக்காந்து, சாயங்காலம் வந்து, மறுநாள் காலையில எனக்காக ஒரு சுத்து சுத்தியிருக்கு சார். நான் கையைத் தட்டிக்கிட்டு நின்னிருக்கேன். எனக்கு அதுதான் தாங்கல. உங்க ரூலை விட என் பெருமைதான் அந்தப் புள்ளைய வெளிய நிறுத்தியிருக்கு.

வாங்க சார், வெளிய வாங்க. நல்லா பொருந்தியிருக்கே. திரும்புங்க, ஒரு சுத்து. ஆங், அருமை.

அது பின் ரூம்ல நிக்குது சார், யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு. ஆறுதான். நேத்து நானே பிரிச்சுட்டேன். நீங்களே எண்ணிக்கலாம், நீங்க போகும்போது கூடவே சைக்கிள்ல வரும், பி.டி. மாஸ்டரும் எண்ணட்டும். பாப்பா, பையை எடுத்துக்கிட்டு வா, சார் கெளம்பறாரு.

பேனாவா? இந்தாங்க சார். மெஷின் மேல வச்சே எழுதுங்க, ஆடாது. பதினோரு நாள்னு எழுத்தாலயும் எழுதிருங்க.

ஒம்பது இருபத்தி மூணு. போயிரலாம் சார், பதறாம போங்க. சாக்ஸ் அளக்கறதுன்னாலும் இனிமே பயமில்லாம அளக்கலாம். உள்ள மிச்சம் இருந்த துணியில ஒரு இஞ்சு பிரிச்சு விட்டிருக்கேன். அது எந்த ரூல்லயும் கெடையாது. குனிய நிமிர மனுசனுக்கு அவ்வளவு வேணும் சார்.